இது பாஸா, பெயிலா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செம்பனைத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்திருந்தார். அவருக்கு உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. கணவர் குலை வெட்டுகிறார். மூத்த பையன் மூன்றாம் படிவம் முடித்திருக்கிறான். பள்ளியில் விழா வைத்தார்களாம். மண்டபமெல்லாம் பலூன் கட்டி, ஒவ்வொரு பிள்ளையாகப் பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டு, கையில் நாடா சுற்றிய தாள் ஒன்றைக் கொடுத்தார்களாம்.

"எம் புள்ள பேரு மைக்குல கேட்டப்ப ஒடம்பெல்லாம் புல்லரிச்சிப் போச்சிங்க ஐயா. எங்க குடும்பத்துல இம்மாந்தூரம் படிச்சது இவன்தான்" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. பையன் வெட்கப்பட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றான்.

பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். ஒன்று விழாவில் கொடுத்தது. பட்டணத்துக்குக் கொண்டுபோய் பிளாஸ்டிக் உறை போட்டு வாங்கி வந்திருக்கிறார். அதில் பையன் பெயரும், மூன்றாம் படிவத்தை முடித்ததற்கு வாழ்த்தும் மலாய்மொழியில் தங்க எழுத்தில் இருந்தன. மற்றது நாலாக மடித்து, மளிகைக் கடைச் சீட்டுகளுக்கு நடுவே கிடந்தது. அது மதிப்பீட்டு அறிக்கை. அதை விரித்து என் முன்னால் வைத்துவிட்டு அந்த அம்மா கேட்டார்: "ஐயா, இது பாஸா, பெயிலா?"

என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. தெரியாததால் அல்ல. பாஸ் என்றாலும் பொய்யாகும், பெயில் என்றாலும் பொய்யாகும். நம் தோட்டத்துப் பெற்றோரில் எத்தனையோ பேர் இன்று இதே கேள்வியோடு நிற்கிறார்கள் என்பதால் இந்த வாரம் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "மூணாம் பாரம் முடிச்சதுக்கெல்லாம் ஒரு விழாவா?" என்று கேலி செய்பவர்கள் நம்மிடையே உண்டு. பாலர் பள்ளிப் பிள்ளைக்குக்கூட கறுப்பு அங்கி போட்டுப் படம் எடுக்கும் காலம் இது என்று அலுத்துக்கொள்கிறவர்களையும் பார்க்கிறேன். அவர்கள் பேச்சில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் தோட்டத்துப் பிள்ளை விஷயத்தில் நான் அவர்கள் பக்கம் இல்லை. மூன்றாம் படிவம் என்பது நமக்கு எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

பழைய கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்றது. அப்படி வந்தவைதான் நம் தோட்டப் பள்ளிகள். பல இடங்களில் ஆயக்கொட்டகை ஓரத்தில் ஒரு கூரை. கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். 1957இல் சுதந்திரம் வந்தபோது நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500க்குச் சற்று மேல். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. பிறகு பால் வாளிதான். அதைத் தாண்டி இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைக்கு முன்னால் நின்ற சுவர் மூன்றாம் படிவத் தேர்வு. ஆங்கிலப் பள்ளியில் எல்.சி.இ., மலாய்ப் பள்ளியில் எஸ்.ஆர்.பி.; 1978 வாக்கில் எல்.சி.இ. மறைந்து எஸ்.ஆர்.பி. மட்டும் நின்றது. அதில் தேறாவிட்டால் நான்காம் படிவம் கிடையாது. பதினைந்து, பதினாறு வயதில் பச்சைக் கால்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மறுநாள் விடியற்காலை அப்பாவோடு பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டியதுதான். அப்படிப் போய் நின்றவர்கள் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1993இல் எஸ்.ஆர்.பி. போய் பி.எம்.ஆர். வந்தது. அந்தக் காலகட்டத்தில்தான் எல்லாருக்கும் ஒன்பதாண்டுப் படிப்பு என்றிருந்தது பதினோராண்டாயிற்று. புள்ளி குறைந்தாலும் நான்காம் படிவத்துக்குப் போகலாம் என்ற நிலை வந்தது. 2014இல் பி.எம்.ஆர். போய் பிடி3 வந்தது. கோவிட் நோய்க் காலத்தில் 2020, 2021 இரண்டாண்டும் அந்தத் தேர்வு நடக்கவில்லை. 2022இல் அதை அடியோடு எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்திய ஆண்டே ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வும் போய்விட்டது.

சுவர் இடிந்தது. நல்லதுதான். மூன்று மணி நேரத் தாள் ஒன்று ஒரு பிள்ளையின் தலையெழுத்தைத் தீர்மானித்த காலம் போனதற்கு நான் ஒருபோதும் வருத்தப்பட மாட்டேன். ஆனால் அந்தச் சுவரில் ஒரு மணியும் தொங்கிக்கொண்டிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் பாஸ், பெயில் என்ற இரண்டு வார்த்தை புரியும். பெயில் என்றால் வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியாது. அழுகையும் அடியும் நடக்கும். கொடுமைதான். ஆனாலும் பிள்ளை படிப்பில் எங்கே நிற்கிறது என்று அந்த வீட்டுக்குத் தெரிந்தது. இன்று அந்த மணி அடிப்பதில்லை. அதற்குப் பதில் இரண்டு தாள் வருகிறது. தங்க எழுத்துத் தாள் எல்லாருக்கும் புரிகிறது. மடித்து வைத்த தாள் யாருக்கும் புரியவில்லை.

அந்த இரண்டாவது தாளைத்தான் நாம் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் நேராக டி.பி. என்று போட்டு 1 முதல் 6 வரை ஓர் எண் இருக்கும். வகுப்பில் ஆசிரியர் ஆண்டு முழுவதும் பார்த்து, பிள்ளை அந்தப் பாடத்தில் எந்தப் படியில் நிற்கிறது என்று கொடுக்கும் அடைவுநிலை அது. பந்தயத்தில் முதலாவது, இரண்டாவது என்பதுபோல நினைத்துவிடாதீர்கள். இங்கே 1 என்பதுதான் கடைசிப் படி. 6 என்பதே உச்சி. ஒரு தோட்டத்தில் "எம் மகன் எல்லாத்துலயும் ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லி ஒரு தகப்பனார் மிட்டாய் கொடுத்ததை நானே வாங்கித் தின்றிருக்கிறேன். அன்றைக்கு விளக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது என் தப்பு.

3 என்பது குறைந்தபட்சம் எட்டவேண்டிய படி. அதற்குக் கீழே 1, 2 என்று இருந்தால், பிள்ளைக்கு அந்தப் பாடம் இன்னும் பிடிபடவில்லை, தனியாகக் கவனிக்க வேண்டும் என்று அர்த்தம். அதோடு ஆண்டிறுதித் தேர்வும் ஒன்று உண்டு. பிள்ளைகள் 'ஊவாசா' என்று சொல்கிறார்களே, அதுதான். அதற்கு ஏ முதல் எஃப் வரை எழுத்துத் தரம் கொடுக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். இனிமேல் வேறு எந்தப் பெயரில் எந்தத் தேர்வு வந்தாலும் இந்த இரண்டு விஷயம் மாறாது: பிள்ளைக்குத் தெரிந்தது எவ்வளவு, தெரியவேண்டியது எவ்வளவு.

நம் பையனின் தாளில் தமிழுக்கு 5. கணிதம் 3. மலாய்மொழிக்கு 2. வரலாற்றுக்கும் 2. காற்பந்தில் வட்டார அளவில் விளையாடியதற்கு இன்னொரு சான்றிதழும் வைத்திருந்தான். அதைக் கேட்டபிறகுதான் காட்டினான்.

மலாய்மொழி 2, வரலாறு 2 என்று பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பகீரென்றது. ஏனென்று சொல்கிறேன். இன்னும் இரண்டாண்டில் இந்தப் பையன் எஸ்.பி.எம். எழுதவேண்டும். மற்ற பாடங்களில் ஏ வாங்கினாலும், மலாய்மொழியில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. 2013 முதல் வரலாற்றிலும் தேறியாக வேண்டும். ஆக, பழைய சுவர் இடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதை இரண்டாண்டு தள்ளி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எல்.சி.இ.யில் தவறிய பிள்ளை பதினைந்து வயதில் வெளியே வந்தான். எஸ்.பி.எம். சான்றிதழ் இல்லாத பிள்ளை பதினேழு, பதினெட்டு வயதில் வெளியே வருகிறான். அதுவரையில் வீட்டுக்கு எந்த மணியும் அடிப்பதில்லை. விழா மட்டும் நடக்கிறது.

இன்னும் ஒன்று. 2022ஆம் ஆண்டின் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பதிந்துகொண்டவர்களில் ஏறக்குறைய 30,000 பேர் தேர்வு மண்டபத்துக்கே வரவில்லை என்று அரசாங்கமே சொன்னது. இது நாடு முழுவதும், எல்லா இனத்துப் பிள்ளைகளையும் சேர்த்த கணக்கு. இவர்களில் யாரும் ஒரே நாளில் காணாமல் போனவர்கள் அல்ல. பாடம் புரியாமல் வகுப்பின் பின் வரிசைக்குப் போய், அங்கிருந்து வாரத்தில் இரண்டு நாள் மட்டம் போட்டு, பிறகு கார் கழுவும் கடையிலோ உணவுக் கடையிலோ கையில் கொஞ்சம் காசு பார்த்து, அப்படியே நின்றுபோனவர்கள்தான் நிறையப் பேர் இருப்பார்கள். அந்த நழுவல் தொடங்குகிற இடம் மூன்றாம் படிவத்துக்கு முன்னும் பின்னும்தான். 2025இல் மக்களவை, இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. ஆரம்பக் கல்வி 2003இலிருந்தே கட்டாயம். சட்டம் பிள்ளையைப் பள்ளி வாசல் வரை கொண்டுவந்து விடும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மலாய்மொழி 2 என்பதைச் சட்டம் 4 ஆக்காது.

நம் பிள்ளைகளுக்கு மலாய்மொழியில் ஏன் இடறுகிறது என்பது புதிய கேள்வி அல்ல. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தாய்மொழியில் படித்துவிட்டு, திடீரென்று எல்லாப் பாடத்தையும் வேறு மொழியில் கேட்கிறார்கள். அந்த இடைவெளியைக் கடக்கத்தான் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு வைத்தார்கள். இதற்குத் தமிழ்ப்பள்ளியைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. அஸ்திவாரம் தாய்மொழியில் போட்டதால்தான் இந்தப் பையனுக்கு எதைப் படித்தாலும் யோசிக்கத் தெரிகிறது. மூன்றாம் படிவம் வரை தமிழை விடாமல் எடுத்து 5 வாங்கியிருக்கிறானே, அதை மேடையில் யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். இல்லையாம். இடைநிலைப்பள்ளியில் 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்புக்கு ஏற்பாடு செய்ய 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் வழி இருக்கிறது. கேட்கிற பெற்றோர்தான் குறைவு.

புகுமுக வகுப்பு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இந்தப் பையனும் அதில் ஓராண்டு இருந்தவன். அவனோடு மேடையேறிய மற்றவர்களுக்கு அது மூன்று வருஷப் படிப்பு. அவனுக்கு நான்கு வருஷம். கூடப் படித்தவர்கள் முதல் படிவத்தில் இருக்க, தான் மட்டும் பின்தங்கியவன் என்ற அவமானத்தோடு ஓராண்டு உட்கார்ந்து, பிறகும் விடாமல் வந்திருக்கிறான். அதுவும் முதலிரண்டு படிவம் மதியப் பள்ளி. பதினொரு மணிக்கு பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவு எட்டு மணி. தோட்டத்து மண் பாதையில் கடைசி ஒரு கல் நடை. மழை நாளில் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு நடை. சிறந்த மாணவர், சிறந்த விளையாட்டாளர் என்று பரிசு கொடுக்கிறோமே, இப்படி நாலாண்டு நடந்தவனுக்கு என்ன பரிசு? என் கையில் அதிகாரம் இருந்தால் முதல் கேடயத்தை இவர்களுக்குத்தான் கொடுப்பேன்.

தோட்டத்திலும் நாம் விழா எடுக்கிறோம். கோயில் மண்டபத்தில் பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, பிரியாணி ஆக்கி, மாண்புமிகு ஒருவரை அழைத்துவிட்டு அவர் வரும்வரை ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளைப் பசியோடு உட்கார வைக்கிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. மாலை போட்டுக்கொண்ட பிள்ளையின் முகத்தைப் பார்க்கும்போது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அடுத்த முறை விழா வைக்கும் கோயில் தலைவர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் ஒரு காரியம் செய்து பார்க்கட்டும். மூன்றாண்டோ நான்காண்டோ முன்னால் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டில் எடுத்த வகுப்புப் படம் ஒன்று யார் வீட்டிலாவது மாட்டியிருக்கும். அதைக் கொண்டுவந்து மண்டபத்தில் வையுங்கள். படத்தில் இருக்கிற பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணுங்கள். இன்று மாலை போட்டுக்கொண்டு நிற்பவர்கள் எத்தனை பேர்? மற்றவர்கள் எங்கே? சிலர் குடும்பத்தோடு பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருப்பார்கள். தோட்டத்தில் மிச்சம் இருக்கும் நம் குடும்பங்களே கொஞ்சம்தானே. ஆனால் இரண்டு பேர், மூன்று பேர் அதே தோட்டத்தில், மண்டபத்துக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தால், அந்த விழாவின் முக்கிய விருந்தாளிகள் அவர்கள்தான். அவர்களைப் போய்க் கூப்பிடுங்கள்.

இனி, முடித்த பிள்ளைக்கு அடுத்தது என்ன என்ற விஷயம். நான்காம் படிவத்தில் முன்போல அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பிரிப்பு 2020இலிருந்து இல்லை. பாடத் தொகுப்பு என்று கொடுக்கிறார்கள். அதில் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தாளில் கையெழுத்து வாங்கிவர பிள்ளையிடம் கொடுத்தனுப்புவார்கள். நாம் விளக்கு வெளிச்சத்தில் எங்கே காட்டுகிறானோ அங்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம். கூட்டாளி எடுத்தான் என்று நம் பிள்ளையும் எடுப்பான். கணிதத்தில் கெட்டிக்காரப் பெண், தோழிகளோடு ஒரே வகுப்பில் இருக்கவேண்டும் என்பதற்காக லேசான பாடங்களை எடுத்துக்கொண்டு, எஸ்.பி.எம். முடித்தபின் தாதிப் பயிற்சிக்கு மனுப்போட்டால் அறிவியல் இல்லை என்று திரும்பி வந்துவிடும். கையெழுத்துப் போடுமுன் "இந்தப் பாடம் எடுத்தா பின்னால எதுக்குப் போகலாம், எதுக்குப் போக முடியாது?" என்று ஆசிரியரைக் கேட்க வேண்டும். கையில் தொழில் பிடிக்கும் பிள்ளைக்கு, மூன்றாம் படிவத்துக்குப் பிறகு தொழிற்கல்லூரி என்ற வழியும் உண்டு. இரண்டாண்டில் சான்றிதழ், மேலும் இரண்டாண்டில் டிப்ளோமா. மனு இணையத்தில் போடுவதால் தேதி தெரியாமலேயே போய்விடுகிறது. தோட்டத்தில் கைப்பேசி நன்றாகத் தெரிந்த இளைஞர் ஒருவர் இந்தத் தேதிகளைப் பார்த்து நாலு வீட்டுக்குச் சொன்னால் போதும்.

காற்பந்துச் சான்றிதழைப் பையன் மறைத்து வைத்திருந்தான் என்றேனே. "வெளையாட்டுதானே" என்றான். அப்படி இல்லை தம்பி. பொதுப் பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கும் கணக்கில் 90 விழுக்காடு பாடத்துக்கு என்றால் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. ஆனால் புறப்பாடம் நடப்பது மதியத்தில். பள்ளி பஸ் கிளம்புவது ஒன்றரை மணிக்கு. அந்த பஸ்ஸை விட்டால் தோட்டத்துக்குப் போக வழியில்லை. அதனாலேயே நம் பிள்ளைகளில் பாதிப் பேர் எந்தக் கழகத்திலும் இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது தாமதமாக ஒரு வண்டி ஏற்பாடு செய்ய நிர்வாகத்தையோ சங்கத்தையோ கேட்டால் என்ன? பரிசுக் கோப்பைக்குச் செலவழிக்கிற காசில் சில மாத டீசலுக்கு வழி பிறக்கும்.

பணம் என்று வரும்போது நான் உபதேசம் செய்ய விரும்பவில்லை. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. அதில் பஸ் கட்டணம், டியூஷன், சாப்பாடு என்று போனால் மிச்சம் என்ன என்று உங்களுக்கே தெரியும். பள்ளி தொடங்கும்போது அரசாங்கம் தரும் 150 வெள்ளி காலணிக்கும் பைக்கும் சரியாகப் போய்விடுகிறது. ஆகையால் எல்லாப் பாடத்துக்கும் டியூஷன் தேடி அலைய வேண்டாம். மலாய்மொழி, வரலாறு இரண்டுக்கு மட்டும் முதலில் வழி செய்யுங்கள். அதற்கு ஒரு காசு செலவில்லாத மருந்தும் உண்டு: தோட்டத்தில் எஸ்.பி.எம். முடித்த அக்காவோ அண்ணனோ வாரம் இரண்டு மாலை கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, மலாய்ப் பத்திரிகையை உரக்கப் படிக்கவைத்தால் ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியும். 1982இல் ஸ்ரீ முருகன் நிலையம் தொடங்கிய காலத்திலும் நம் படித்த பிள்ளைகள் நம் படிக்காத பிள்ளைகளைக் கைதூக்கிவிட்டதுதான் நடந்தது.

அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "அம்மா, இது பாஸும் இல்ல, பெயிலும் இல்ல. ரெண்டு பாடத்துல புள்ள பின்னால நிக்கிறான். இன்னும் ரெண்டு வருஷம் நேரம் இருக்கு. தங்கத் தாளைச் சுவத்துல மாட்டுங்க. இந்தத் தாளையும் அதுக்குப் பக்கத்துலயே மாட்டுங்க."

"பள்ளிக்கூடத்துல போயி என்னா கேக்கிறது ஐயா? எனக்கு மலாய் கடைத்தெரு மலாய்தான் வரும்" என்றார். கேள்விகளை எழுதிக்கொண்டு போகலாம் என்றேன். பையனையே எழுதச் சொன்னோம். பழைய சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில், மலாய்மொழியில், மூன்று கேள்வி எழுதினான். மலாய்மொழியில் நான் எதில் பின்தங்கியிருக்கிறேன், படிப்பதிலா எழுதுவதிலா? வரலாற்றுக்கு எந்த ஆசிரியரிடம் உதவி கேட்கலாம்? எந்தப் பாடத் தொகுப்பு எனக்குப் பொருந்தும்?

எழுதி முடித்ததும் வாங்கிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை இருந்தது. நான் திருத்தவில்லை, ஆசிரியர் பார்க்கட்டும் என்று அப்படியே மடித்துக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு கேட்டு மண்டோரிடம் சொல்லிவிட்டுப் போவதாகச் சொன்னார்.